மனுவா, அறிவிப்பா? பொது இடத்தில் கூடும் உரிமையும் காவல்துறை அனுமதியும்

பங்குத் திருவிழா நெருங்கும்போது பங்குப்பேரவையினர் செய்யும் வேலைகளில் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை. கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவதைப் பார்க்கிறோம். தேர் சோடிப்பதைப் பார்க்கிறோம். காவல் நிலையத்துக்குக் கடிதம் கொண்டுபோவதைப் பார்ப்பதில்லை. தேர்பவனி புறப்படும் நேரம், சுற்றிவரும் தெருக்கள், ஒலிபெருக்கி, பொறுப்பாளர்களின் பெயர்கள், தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் எழுதி, பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு கொடுத்துவிட்டு வருகிறார்கள். பெரும்பாலும் அதில் சிக்கல் எதுவும் எழுவதில்லை. பவனி நாளன்று இரண்டு காவலர்கள் வந்து முச்சந்தியில் நின்று வண்டிகளை ஒதுக்கி விடுவார்கள். நாமும் நன்றி சொல்லி பொங்கல் கொடுத்து அனுப்புவோம்.

அதே மேசைக்கு வேறு கடிதங்களும் வருகின்றன. நெல்லுக்கு நியாயமான விலை கேட்கும் விவசாயிகளின் கடிதம், குடிநீர் வராத தெருக்காரர்களின் கடிதம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்பவர்களின் கடிதம் என்று பலவும் வரும். சட்டத்தின் கண்ணுக்கு நம் தேர்பவனியும் ஓர் ஊர்வலம், அவர்களுடையதும் ஓர் ஊர்வலம். இரண்டுக்கும் ஒரே சட்டப் பிரிவுதான். ஆனால் அந்தக் கடிதங்களுக்கு எப்போதும் நம் கடிதத்துக்குக் கிடைக்கும் வரவேற்பு கிடைப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு? ஒரு குடிமகன் தெருவில் நின்று தன் குறையைச் சொல்ல அனுமதி கேட்க வேண்டுமா, அல்லது தெரிவித்தால் போதுமா? நம் செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து இதைச் சற்று சிந்திக்கலாம் என்று நினைக்கிறோம்.

கமிட்டி வாசலில்

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் இந்த வட்டாரத்து உழவர்களுக்குச் செஞ்சி என்றால் ராஜகிரிக்கு முன்பே நினைவுக்கு வருவது கமிட்டி, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வியாபாரிகள் விலை குறிப்பார்கள். நேற்று கிடைத்த விலை இன்று கிடைக்காமல் போகும். அல்லது இடமில்லை, எடை போட ஆளில்லை, பணம் வரவில்லை என்று ஏதாவது ஒன்று வரும். அப்போது என்ன நடக்கிறது என்பதைச் செய்தித்தாள்களில் பலமுறை படித்திருக்கிறோம். விவசாயிகள் எழுந்து வெளியே வந்து சாலையில் உட்காருகிறார்கள். திண்டிவனம், திருவண்ணாமலைப் பேருந்துகள் நிற்கின்றன. காவல்துறையினர் வந்து பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். அரை மணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ கலைந்து போகிறார்கள்.

இது முன் அனுமதி பெற்ற போராட்டமா? இல்லை. பெற்றிருக்க முடியுமா? காலை பத்து மணிக்குச் சரிந்த விலைக்காகப் பதினொரு மணிக்கு உட்காரும் மனிதரிடம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாயா என்று கேட்பதில் பொருளில்லை. இரவில் பனி பெய்தால் ஈரப்பதம் ஏறி, நாளைக்கு அந்த நெல்லுக்கு இன்னும் குறைந்த விலைதான் கிடைக்கும்.

இந்த ஓர் எடுத்துக்காட்டே அனுமதிச் சட்டங்களின் அடிப்படைச் சிக்கலைக் காட்டிவிடுகிறது. மாநாடு நடத்துகிற கட்சிக்கு நாள் குறிக்க முடியும், விண்ணப்பிக்க முடியும், வழக்கறிஞரும் உண்டு. திடீரென்று வயிற்றில் அடிபட்டவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

நம் அரசியல் சட்டத்தின் 19(1)(ஆ) பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்கள் எல்லாருக்கும் தருகிறது. இது அரசு கொடுக்கும் சலுகையன்று, அடிப்படை உரிமை. 19(3) பிரிவு இந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவை அதற்கான காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன.

அனுமதி என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? செய்தித்தாள்களில் 'மாவட்டத்தில் 30(2) சட்டம் அமல்' என்று அடிக்கடி பார்க்கிறோமே, அதுதான். 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு அது. 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத நாட்களில், ஆளப்படுகிறவர்களை நம்பாத அரசு இயற்றிய சட்டம். வெள்ளைக்காரர் போய் 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம்மிடையே அது உயிரோடு இருக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தையே எடுத்துப் படித்தால் வியப்பாக இருக்கிறது. பொதுச் சாலையில் நடக்கும் கூட்டத்தையும் ஊர்வலத்தையும் நெறிப்படுத்தவும், எந்த வழியில், எந்த நேரத்தில் போவது என்று குறிக்கவும் காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி விடப்பட்டால் அமைதி குலையும் என்று நடுவர் கருதும் நிலையில், கூட்டுபவர்கள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவிப்பு வெளியிடலாம் என்கிறது. விண்ணப்பம் வந்தால் நிபந்தனைகளோடு உரிமம் வழங்கலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் தண்டனை 200 ரூபாய் வரை அபராதம். கூட்டமே கூடாது என்று மாதக்கணக்கில் ஒரு மாவட்டத்தையே பூட்டி வைக்கச் சொல்லும் வாசகம் அதில் இல்லை. வெள்ளைக்காரர் எழுதியதைவிட நாம் அதைக் கடுமையாகப் படித்து வருகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைநகர் சென்னைக்குத் தனிச் சட்டம், 1888ஆம் ஆண்டுச் சென்னை மாநகரக் காவல் சட்டம். அதன் 41ஆம் பிரிவின்கீழ் ஆணையர் 15 நாட்களுக்கு ஒரு முறை உத்தரவைப் புதுப்பிப்பது வழக்கம். ஐந்து நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. இவை தவிர, 144 தடை உத்தரவு என்று நாம் எல்லாரும் அறிந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவாகிவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? 1972இல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு அளித்த தீர்ப்பு முக்கியமானது. பொதுத் தெருக்களில் கூட்டம் நடத்துவதை அரசு அறவே தடை செய்ய முடியாது, நெறிப்படுத்தத்தான் முடியும் என்றது. எந்த அளவுகோலும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கே அனுமதியை விட்டிருந்த விதியை ரத்து செய்தது. அதே நேரத்தில், முன் அனுமதி கேட்கச் சொல்வதே தவறு என்று அந்தத் தீர்ப்பு கூறவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லிவிடுகிறோம். 2020 அக்டோபரில் டெல்லி ஷாஹீன்பாக் வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துக்கொண்டு போராட உரிமை இல்லை என்றும், அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் போராட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இரண்டாவது பகுதி நமக்கு நெருடுகிறது. ஒதுக்குப்புறமான ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு அங்கே போய்க் கத்து என்றால், கேட்க வேண்டியவர் காதில் அது விழுமா? செஞ்சியில் கோட்டைக்குள்ளும் போக முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் கூட்டம் நடத்த மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மிஞ்சுவது சாலையோரமும் தாலுகா அலுவலக வாசலும்தான்.

கடிதம் கொடுத்த பிறகு

நடைமுறையைப் பார்ப்போம். காவல் ஆய்வாளரிடம் மனு கொடுக்கிறார்கள். அது துணைக் கண்காணிப்பாளருக்குப் போகும், சில நேரம் விழுப்புரத்துக்கும் போகும். பதில் வராது. கேட்டால், மேலே போயிருக்கிறது, பார்க்கலாம் என்பார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் மாலையில், சட்டம் ஒழுங்கு பாதிக்கும் என்ற ஒரு வரியோடு மறுப்புக் கடிதம் வரும். அல்லது வாய்மொழியாகவே, வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதை எதிர்த்து எங்கே போவது? சுமார் 150 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. ஒரு ரிட் மனுவுக்கு ஆகும் செலவைக் கேட்டாலே கூலி வேலைக்குப் போகிறவர் பின்வாங்கிவிடுவார். தவறான மறுப்பை நீதிமன்றம் நாளை ரத்து செய்யலாம். ஆனால் போராட வேண்டிய நாள் போய்விட்டது.

மறுப்பையும் மீறிக் கூடினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கைது செய்து வேனில் ஏற்றி, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் சோறு போட்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். கட்சிக்காரர்கள் இதை ஒரு சடங்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மாலையில் விட்டபிறகும் வழக்கு நிற்கிறது. காவல்துறைச் சரிபார்ப்பு என்று வரும்போது, பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பித்த ஓர் இளைஞனின் பெயருக்கு எதிரே அந்த வழக்கு எண் வந்து நிற்கிறது. நம் பங்குகளில் படித்த பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களுக்கு வரத் தயங்குவதற்கு இதுவே முதல் காரணம். அம்மாக்களும் அனுப்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு செய்தியை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்கீழ் காவல்துறையே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது செல்லாது என்று, 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்பதே சட்டம். 188 இப்போது புதிய நியாயச் சட்டத்தில் 223. அமைதியாகக் கூடியதற்காக மட்டும் இப்படி ஒரு வழக்கு யார்மீதாவது நிலுவையில் இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

கேள்வி கேட்பதிலும் ஓர் அளவு வேண்டும். நம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி வி.சாலையில் 2024 அக்டோபரில் தமிழக வெற்றிக் கழகம் நடத்திய முதல் மாநாட்டுக்கு முன் காவல்துறை 21 கேள்விகள் கேட்டது நாடறிந்த செய்தி. பல லட்சம் பேர் வரக்கூடிய மாநாட்டுக்கு எத்தனை கேள்வி கேட்டாலும் தகும் என்று சொல்வோருண்டு. நாமும் அதை ஓரளவு ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதே அளவுகோலோடு ஐம்பது பேர் நிற்கும் ஆர்ப்பாட்டத்தை அணுகினால், அந்த ஐம்பது பேரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

நாற்பத்தொரு உயிர்கள்

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஆம்புலன்சில் பிரசவ வலியோடு வரும் தாய் மறியலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? தேர்வுக்குப் போகும் மாணவன் என்ன செய்வான்? கடை திறந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று இருக்கும் சிறு வியாபாரியின் நிலை என்ன? இவர்களும் நம் மக்களே. போராடுகிறவருக்கு உரிமை உண்டு என்பதால் தெருவில் போகிறவருக்கு உரிமை இல்லாமல் போகாது.

கூட்டம் என்பதே ஆபத்தும்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் பரப்புரைக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கிக் குழந்தைகள், பெண்கள் உட்பட 41 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன்பிறகு, பார்த்தீர்களா, அனுமதியை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் ஓங்கியது. ஆனால் கரூர்க் கூட்டம் அனுமதி பெற்ற கூட்டம். தாள் இருந்தது. யார் தவறு என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எத்தனை பேர் வருவார்கள், தண்ணீர் எங்கே, வெளியேறும் வழி எங்கே, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதுதான் உயிரைக் காக்கும். இவற்றைப் பேசி முடிவு செய்யக் கூட்டத்தை நடத்துபவரும் காவல்துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அறிவிப்புக் கடிதத்தின் உண்மையான பயன் அதுதான். அறிவிப்பதற்கு நாம் எதிரியல்ல. அந்தக் கடிதத்தை ஒரு பூட்டாக மாற்றுவதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

செஞ்சிக்கு அருகில் மேல்மலையனூரில் அமாவாசைதோறும் அங்காளம்மன் கோவில் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ பெருங்கூட்டம் வருகிறது. சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள், காவலர்களைக் குவிக்கிறார்கள், வாகன நிறுத்தம் ஒதுக்குகிறார்கள். மாதம் தவறாமல் நடக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. அத்தனை பெரிய கூட்டத்தை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை சமாளிக்கத் தெரிந்த நிர்வாகம், தாலுகா அலுவலகம் முன்பாக இரண்டு மணி நேரம் நிற்கப் போகும் ஐம்பது விவசாயிகளால் போக்குவரத்து பாதிக்கும் என்று மறுத்தால், அது காரணமாகத் தெரியவில்லை.

தடை போட்டால் கூட்டம் வராது என்பதும் உண்மையல்ல. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், 144 தடை உத்தரவு இருந்தது. மக்கள் வந்தார்கள். பனிமய மாதா பேராலயத்தின் முன் கூடிப் புறப்பட்டவர்களில் நம் கடலோரப் பங்கு மக்கள் பலர் இருந்தார்கள். அன்றைய துப்பாக்கிச் சூடும் அதைத் தொடர்ந்த நிகழ்வுகளும் 13 உயிர்களைக் குடித்தன. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் அதிகாரிகளின் செயல்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. தடை உத்தரவு கூட்டத்தைத் தடுப்பதில்லை. எந்த வழியாகப் போவது, எங்கே நிற்பது, யாரோடு பேசுவது என்று முன்கூட்டியே பேசிவைத்திருக்கக்கூடிய வாய்ப்பைத்தான் அது தடுக்கிறது.

மணிமண்டபம் எழுப்பிய அரசு

நம் வட்டாரத்தின் நினைவில் ஆழமாக நிற்கும் போராட்டம் 1987 செப்டம்பரில் நடந்தது. தனி இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் நடத்திய சாலை மறியல் அது. அப்போது விழுப்புரம் தனி மாவட்டமாகவில்லை, தென்னார்க்காடாக இருந்தது. வட தமிழகச் சாலைகள் நின்றுபோயின. எந்த அதிகாரியும் அதற்கு அனுமதி கொடுத்திருக்க மாட்டார். 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. அந்த 21 பேருக்கும் விழுப்புரத்தில் அரசே மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார்.

சட்டத்துக்குப் புறம்பானது என்று ஓர் அரசு சுட்ட இடத்தில், பிந்தைய ஓர் அரசு மாலை போடுகிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு போராட்டம் நியாயமானதா என்பதை அன்றைய அதிகாரியின் அனுமதித் தாள் தீர்மானிப்பதில்லை என்பதற்கு, மாவட்டத் தலைநகரிலேயே கல்லில் கட்டிய சான்று இருக்கிறது. அதே வாரத்தில் வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களையும், எரிக்கப்பட்ட தலித் குடிசைகளையும் மறந்துவிட்டு இதைப் பேசவும் கூடாது. ஆயுதமின்றி, அமைதியாக என்ற இரண்டு சொற்களை அரசியல் சட்டம் வீணாகச் சேர்க்கவில்லை.

இன்னொன்று. நமக்குப் பிடிக்காதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் அணிவகுப்புக்குத் தமிழக அரசு அனுமதி மறுத்தபோது நம்மில் பலர் உள்ளூர மகிழ்ந்தோம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஏப்ரல் 11 அன்று தமிழக அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அணிவகுப்பைத் தாக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றால், பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டி உரிமையைப் பறிக்கக் கூடாது என்பதே அந்த வழக்கின் சாரம். நமக்கு அந்த அமைப்பின் கொள்கையில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த நியாயம் நம்மையும் காக்கிற நியாயம். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு செபக்கூட்டத்துக்கு, சிலர் எதிர்க்கிறார்கள் என்ற காரணம் காட்டி அனுமதி மறுத்தால், நாம் எடுத்துக்காட்ட வேண்டியது இதே தீர்ப்பைத்தான்.

நம் வீட்டுக்குள்

திருச்சபை இதில் புதிதாகக் கருத்துச் சொல்லப் புறப்படவில்லை. திருத்தந்தை புனித 23ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலை 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழனன்று வெளியிட்டார். மனிதர் இயல்பிலேயே கூடி வாழ்பவர். ஆகவே ஒன்றுகூடவும் சங்கம் அமைக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. மறுநாள் பெரிய வெள்ளி. அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் அனுமதியின்றி ஊர்வலம் போனதற்காக மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டது அந்த நாளில்தான். நகராட்சி அனுமதி தந்தால்தான் ஊர்வலம் என்பது அங்கே சட்டம். கறுப்பின மக்களுக்கு அனுமதி கிடைக்காது என்பது அங்கே நடைமுறை. சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தினாரையும் புனித தாமஸ் அக்குவினாசையும் துணைக்கு அழைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1969இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நகராட்சிச் சட்டம் அதிகாரிகளுக்கு வரம்பற்ற அதிகாரம் தந்ததால் செல்லாது என்றது.

விவிலியத்திலும் எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். தந்தை இறந்துவிட்டார், மகன் இல்லை, ஆகவே நிலம் இல்லை. சந்திப்புக் கூடாரத்தின் வாசலில், மோசே, குரு, தலைவர்கள், சபை முழுவதும் பார்க்க வந்து நின்று நியாயம் கேட்கிறார்கள். யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று மோசே கேட்கவில்லை. வழக்கை ஆண்டவரிடம் கொண்டு போகிறார். சட்டமே மாறுகிறது.

ஆனால் நம் வீட்டில்? எறையூரை நினைக்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியவில்லை. அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. நம் உயர்மறைமாவட்டத்து மண். 2008இல் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். இரு பக்கமும் நம் மக்கள். உண்ணாவிரதம் இருப்பவரிடம், உனக்கு இங்கே உட்கார யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கும் குரல் காவல் நிலையத்திலிருந்து மட்டும் எழுவதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். தலித் கிறித்தவருக்குப் பட்டியல் இன உரிமை கேட்டு அரசின் வாசலில் பதாகை பிடிக்கிறோம். நம் வாசலில் நின்று கேட்பவரை அதே பொறுமையோடு கேட்கிறோமா?

என்ன செய்யலாம்

வெளிநாடுகள் சிலவற்றில் இதற்கு ஓரளவு தெளிவான வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஊர்வலத்துக்கு ஆறு நாள் முன்னறிவிப்புத் தந்தால் போதும். அது அறிவிப்பு, விண்ணப்பம் அல்ல. ஜெர்மனியில் திறந்தவெளிக் கூட்டத்தை, அதற்கு அழைப்பு விடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஆனால் திடீரென்று கூடும் கூட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2020இல் இதே திசையில் விளக்கம் தந்தது.

நம் சட்டம் அப்படி மாறும்வரை கையிலிருப்பதைச் சரியாகப் பயன்படுத்தலாம். பங்கில் யாராவது இப்படிக் கடிதம் எழுத உதவி கேட்டால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். 'அனுமதி வேண்டி' என்று தலைப்பிடாமல் 'அறிவிப்பும் பாதுகாப்புக் கோரிக்கையும்' என்று தலைப்பிடலாம். நோக்கம், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரக்கூடியவர் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஆம்புலன்சுக்கு எந்தப் பக்கம் வழி விடுவோம் என்பதை ஒரு வரியில் கட்டாயம் சேருங்கள். ஒப்புகை முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். ஒரு நகலைத் துணைக் கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும் என்றும், நாளையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளத் தயார் என்றும் அதிலேயே குறிப்பிடுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

கமிட்டி வாசலில் திடீரென்று உட்காருகிற விவசாயிக்கு இதெல்லாம் உதவாது. அவருக்கு வேண்டியது வேறு. எழுந்த இடத்திலிருந்தே காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, சாலையில் ஒரு பாதியை வண்டிகளுக்கு விட்டுவிட்டு மறு பாதியில் உட்காருவது, விற்பனைக் கூடக் கண்காணிப்பாளர் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்து பதில் சொல்வது. விலை குறித்து முடித்ததும் அன்றைய விலைப்பட்டியலை வாசலில் ஒட்டிவிட்டால், பல நாட்களில் அவர் எழுந்து வெளியே வரவேண்டிய தேவையே இருக்காது.